பந்து, நாய், பாட்டில்

எங்கள் காலனிப் பூங்காவின் வாசலில் குடியிருப்போர் சங்கம் ஒரு பலகை வைத்திருக்கிறது. முதல் வரி: பந்து விளையாடக் கூடாது. இரண்டாவது: நாயை அழைத்து வரக் கூடாது. மூன்றாவது: மது அருந்தக் கூடாது. டெல்லியின் இலையுதிர்காலத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எழுத எந்தக் கவிஞராலும் முடியாது. அக்டோபர் பிறந்ததும் இந்த ஊர்க்காரர்கள் எதற்கெல்லாம் ஆசைப்படுவார்களோ அதையெல்லாம் வரிசையாக எழுதி, கீழே ‘உத்தரவுப்படி’ என்று முடித்துவிட்டார்கள்.

இந்தப் பருவம் எப்போது தொடங்குகிறது என்று வானிலை ஆய்வு மையத்தைக் கேட்டால், தென்மேற்குப் பருவமழை டெல்லியை விட்டு விலகும் நாளைச் சொல்வார்கள். பெரும்பாலும் செப்டம்பர் கடைசி. என் மனைவியைக் கேட்டால், ஏசியின் பிளக்கைப் பிடுங்கும் நாள் என்பாள். எப்போது முடிகிறது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளுக்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகை வந்து தீபாவளி வெடிப்புகையோடு சம்பந்தம் பேசி முடிக்கும். காற்றுத் தரக் குறியீடு நானூறைத் தாண்டும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மைதானத்தில் விடாதே என்று உத்தரவு வரும். அன்றோடு சரி. ஏசி நின்று, ஹீட்டர் பரணிலிருந்து இறங்காமல், மின்சாரக் கட்டணம் கொஞ்சம் மனிதாபிமானத்தோடு வருகிற அந்தச் சில வாரங்கள்தான் எங்கள் இலையுதிர்காலம்.

இலை ஒன்றும் அப்போது உதிர்வதில்லை என்பது வேறு விஷயம். டெல்லியின் வேம்பும் அரசும் பிப்ரவரி, மார்ச்சில்தான் சாவகாசமாக உதிர்க்கும். அக்டோபரில் இங்கே பூக்கும் மரம் ஏழிலைப்பாலை. சாலையோரமெல்லாம் அதை நட்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதன் வாசனை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். சிலருக்கு அதனால் காதல் வரும்; எனக்குத் தலைவலி வரும். பாலை மரத்தில் யட்சி இருப்பாள் என்று ஊரில் என் ஆச்சி சொல்லுவாள். டெல்லியில் அந்தப் பயம் இல்லை. மரத்தடி ஒவ்வொன்றிலும் யாராவது கார் நிறுத்தியிருப்பதால் யட்சிக்கு இடம் கிடைப்பதில்லை.

இவ்வளவு நல்ல பருவத்தை ஓர் அமெரிக்கவாசி குறைத்துப் பேசினான் என்பதால்தான் இந்தக் கட்டுரை. அவன் என் மச்சான் மகன். ராஜபாளையத்துப் பிள்ளை, இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். சனிக்கிழமை ராத்திரி வீடியோவில் கூப்பிட்டான். அவனுக்கு அது காலை.

“மாமா, இன்னைக்கு மேட்ச். எங்க ஸ்டேடியத்துல ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். காலேஜ் பசங்க விளையாடுறதைப் பார்க்க அவ்வளவு கூட்டம்!”

என் மனைவி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருந்தா படிக்கிறது யாருப்பா?”

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. போனைத் திருப்பி, பக்கத்து வீட்டு நாய்க்கு அவன் கல்லூரியின் நீலமும் மஞ்சளுமான துண்டு கட்டியிருப்பதைக் காட்டினான். பிறகு சிநேகிதன் கையிலிருந்த புட்டியைக் காட்டினான். பூசணிக்காய் பீராம். இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்குமாம். “இதுதான் மாமா இங்கே ஃபால் சீசன். உங்க டெல்லியில இதெல்லாம் ஏது?”

எனக்குச் சுருக்கென்றது. பந்து, நாய், பாட்டில் மூன்றும் எங்களிடம் இல்லையா? இல்லாமலா சங்கத்தில் பலகை வைத்துத் தடுக்கிறார்கள்?

பந்திலிருந்து தொடங்குகிறேன். ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி டியூரண்ட் கோப்பை. 1888இல் சிம்லாவில் அதைத் தொடங்கி வைத்தவர் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலாளராக இருந்த சர் மார்ட்டிமர் டியூரண்ட். ஐந்து வருஷம் கழித்து, 1893இல், ஆப்கானிஸ்தான் எல்லையில் டியூரண்ட் கோடு போட்டவரும் அவரே. ஒரே மனிதர் ஒரு கோப்பையையும் ஒரு கோட்டையும் விட்டுப் போனார். கோப்பைக்காக அடித்துக்கொள்கிறவர்கள் தொண்ணூறு நிமிடத்தில் கைகுலுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கோட்டுக்காக அடித்துக்கொள்கிறவர்களுக்கு இன்னும் எந்த நடுவரும் விசில் ஊதவில்லை.

1940இல் அந்தப் போட்டி மலையிறங்கி டெல்லிக்கு வந்தது. இன்று தயான் சந்த் பெயரில் இருக்கும் தேசிய ஸ்டேடியத்துக்கு அப்போது இர்வின் ஆம்ஃபிதியேட்டர் என்று பெயர். அங்கே நடந்த இறுதி ஆட்டத்தில் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், ராயல் வார்விக்ஷயர் ரெஜிமென்ட்டை வீழ்த்தியது. அதுவரை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருந்த கோப்பையை ஓர் இந்திய அணி தூக்கியது அதுதான் முதல் முறை. பிறகு 1955இலும் 1958இலும் அதை வென்றவர்கள் யார் தெரியுமா? நீலகிரியின் வெலிங்டனிலிருந்து வந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி. மத்ராஸி என்றால் சுருக்கெழுத்து, தட்டச்சு, தயிர் சாதம் என்று தலைநகரம் கணக்குப் போட்டு வைத்திருந்த காலம் அது. அந்த இரண்டு வருஷமும் கரோல்பாக்கில் தமிழர்கள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்பார்கள் என்பது என் அனுமானம்.

பின்னாளில் டியூரண்ட் ஆட்டங்கள் டெல்லி கேட் பக்கம் அம்பேத்கர் ஸ்டேடியத்தில் நடந்தன. பக்கத்திலேயே ஃபிரோஸ் ஷா கோட்லா என்னும் துக்ளக் காலத்துக் கோட்டை இடிபாடு. அங்கே ஜின்கள் குடியிருப்பதாக நம்பிக்கை. வியாழக்கிழமைகளில் மக்கள் வந்து தங்கள் குறைகளை மனுவாக எழுதி மாடங்களில் வைக்கிறார்கள். ஒரு மாடத்தில் வைத்தால் எந்த ஜின் பார்க்கும், எது பார்க்காது என்று சொல்ல முடியாதே. ஆகவே ஜெராக்ஸ் எடுத்து மாடத்துக்கு ஒன்றாக வைக்கிறவர்களும் உண்டு. மத்திய அரசில் கோப்பு நகர்த்திய அனுபவம் உள்ள ஊர் இது. ஜின் இலாகாவில் மட்டும் நடைமுறை மாறிவிடுமா?

ஆனால் டெல்லிக் கால்பந்துக்காக அங்கே ஒருவரும் மனுப் போடவில்லை போலிருக்கிறது. டியூரண்ட் கோப்பை 2019இல் கொல்கத்தாவுக்குப் போய்விட்டது. ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீகில் எங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த டெல்லி டைனமோஸ் அணியும் அதே 2019இல் பெயரை மாற்றிக்கொண்டு ஒடிசாவுக்குக் கிளம்பிவிட்டது. கடைசியில் 2023இல் ஐ.எஸ்.எல்.லுக்குத் தேறிவந்த பஞ்சாப் எஃப்.சி., தன் சொந்த மைதானமாக எடுத்துக்கொண்டது டெல்லியின் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தை! வயல் புகை, கால்பந்து அணி என்று அக்டோபரில் பஞ்சாப் எங்களுக்கு அனுப்புபவை இரண்டு. இரண்டுமே ‘சொந்த ஊர்’ என்று உரிமையோடு வந்து தங்கிவிடுகின்றன.

அதே ஸ்டேடியத்தில் 2017 அக்டோபர் 9ஆம் தேதி நடந்ததை மருமகனுக்கு விரிவாகச் சொன்னேன். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. இந்தியாவும் கொலம்பியாவும். 82ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் கார்னரிலிருந்து பந்தைத் தூக்கி அடிக்க, மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டி கோல் போட்டான். ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியா போட்ட முதல் கோல். தூர்தர்ஷன் காலத்திலிருந்து நாம் அடுத்தவன் கோலுக்கே கைதட்டிப் பழகியவர்கள் அல்லவா? அன்று சொந்தக் கோலுக்குக் கைதட்டினோம். கைதட்டி முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே, கொலம்பியா இன்னொரு கோல் போட்டு ஆட்டத்தை முடித்துவிட்டது. அதே அக்டோபர் 9ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் டெல்லியில் அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு விற்பதைத் தடை செய்தது. கொண்டாடக் காரணம் கிடைத்த நாளிலேயே வெடி கிடைக்காமல் போயிற்று. எங்கள் இலையுதிர்காலத்தின் ராசி அப்படி.

“காலேஜ் டீமாவது இருக்கா மாமா?” என்றான்.

கல்லூரி என்ன, நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறோம். 1960இலிருந்து டெல்லியில் சுப்ரதோ கோப்பை நடக்கிறது; இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரில், அகில இந்தியப் பள்ளிகளுக்கான கால்பந்து. மிசோரமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பிள்ளைகள் ரயில் ரயிலாக வந்து ஆடிவிட்டுப் போவார்கள். டெல்லிக்காரர்கள் பெரும்பாலும் அந்த வழியாகக் கிரிக்கெட் பார்க்கப் போவார்கள். இந்தப் பந்தயத்தில் பெரிய பிரிவே பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவுதான். அந்த வயதுக்கு மேலே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். பீர் விஷயத்தில் டெல்லிச் சட்டம் நேர் எதிர்; இருபத்தைந்துக்குக் கீழே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நடுவில் இருக்கிற எட்டு வருஷத்தில் ஒரு டெல்லிவாசி நிம்மதியாகச் செய்யக்கூடியது நாய் வளர்ப்பது ஒன்றுதான்.

அந்த இருபத்தைந்து வயதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பதினெட்டில் ஓட்டுப் போடலாம். இருபத்தொன்றில் ஆண்பிள்ளை கல்யாணம் செய்துகொள்ளலாம். அதன் விளைவுகளை நினைத்து ஒரு புட்டி பீர் குடிக்க வேண்டுமென்றால் இன்னும் நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் நிற்கவும் அதே இருபத்தைந்துதான். நாட்டுக்குச் சட்டம் செய்யவும் பீர் புட்டியைத் திறக்கவும் ஒரே முதிர்ச்சி போதும் என்று தீர்மானித்தவர்கள் இரண்டையும் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஆனால் எல்லையைத் தாண்டி ஹரியானாவின் குருகிராமுக்குள் கால் வைத்தால் இருபத்தொன்றே போதும். இங்கே பக்குவப்படாத பிள்ளை மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் ஏறி, அங்கே இறங்கும்போது பெரிய மனுஷனாகிவிடுகிறான். எந்தக் குருகுலத்திலும் இவ்வளவு வேகமாக ஞானம் வந்ததில்லை.

குருகிராமில்தான் எங்கள் பருவகால பீர் இருக்கிறது. சொந்தமாகக் காய்ச்சிக் குழாயில் பிடித்துத் தரும் கடைகள் அங்கே ஏராளம். செப்டம்பர் கடைசியிலேயே நீலமும் வெள்ளையுமான கட்டம் போட்ட தோரணம் கட்டி அக்டோபர்ஃபெஸ்ட் என்று எழுதிவிடுவார்கள். அசல் திருவிழா 1810இல் மூனிக்கில் ஓர் இளவரசன் கல்யாணத்தில் தொடங்கியது. கல்யாணம் முடிந்து இரண்டு நூற்றாண்டு ஆகியும் பந்தி முடியவில்லை. அந்த பவேரியாக்காரர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. குளிர்பதனம் இல்லாத பழைய காலத்தில் கோடையில் பீர் காய்ச்சினால் புளித்துப்போகும். ஆகவே பதினாறாம் நூற்றாண்டிலேயே கோடையில் காய்ச்சுவதைத் தடுத்துவிட்டார்கள். மார்ச்சில் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்ததை இலையுதிர்காலத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும், அடுத்த காய்ச்சலுக்குப் பீப்பாய் வேண்டுமே. நம் வீட்டில் புது மாவடு போடுவதற்கு முன் பழைய ஜாடியைக் காலி செய்கிற அதே அவசரம்.

டெல்லி நியாயம் வேறு. இங்கே பீர் என்பது கோடைக்கான சங்கதி. மே மாதத்தில் மதுக்கடை வாசலில் ஒரே கேள்விதான்: “சில்ட் ஹை?” அக்டோபர் பாதி கடந்ததும் கடைக்காரரே நம் உடம்பின் மேல் அக்கறை கொண்டு, இனி ரம்முக்கான பருவம் என்று தகவல் சொல்வார். யமுனைக்கு அந்தப் பக்கம் காஜியாபாத்தில் மோகன் நகர் என்று ஒரு பேட்டையே இருக்கிறது. 1954இலிருந்து ஓல்டு மாங்க் ரம்மை உலகுக்கு வழங்கிவரும் மோகன் மீக்கின் நிறுவனத்தின் ஊர். குளிர்காலம் முழுக்க அந்தத் துறவியின் ஆட்சி. ஆக, பீரைக் கைவிட மனமில்லாமல், ரம்முக்கு இன்னும் குளிர் போதாமல், இரண்டுங்கெட்டானாக ஓரிரு வாரம் வரும் பாருங்கள், அப்போது மாடியில் உட்கார்ந்து குடிக்கிற அந்த ஒரு பாட்டில்தான் எங்களுக்குப் பருவகால பீர்.

அதையும் நாள் பார்த்துத்தான் வாங்க முடியும். காந்தி ஜயந்தி, தசரா, வால்மீகி ஜயந்தி, தீபாவளி, குருநானக் ஜயந்தி என்று அக்டோபரும் நவம்பரும் மகான்களாலும் பண்டிகைகளாலும் நிரம்பியவை. ஒவ்வொன்றுக்கும் கடை அடைப்பு. 2025இல் காந்தி ஜயந்தியும் தசராவும் ஒரே அக்டோபர் 2இல் வந்து விழுந்தன. ஒரு விடுமுறை போயிற்றே என்று அலுவலகமே துக்கம் காத்தது. எங்கள் பிரிவில் இருவர் மட்டும் காரணம் சொல்லாமல் உற்சாகமாக இருந்தார்கள். கடை அடைப்பிலும் ஒரு நாள் மிச்சம்தானே!

பூசணிக்காய் பீரைப் பற்றி என் மனைவிக்குச் சந்தேகம் தீரவில்லை. “அதைக் கூட்டு வைக்கலாம், மோர்க்குழம்பு வைக்கலாம். அதுலே போய் எப்படிடா?” நமக்கும் பூசணி இந்தப் பருவத்தில் வருவதுதான். அமெரிக்காவில் அதைக் குடைந்து கண்ணும் பல்லும் வைத்து வாசலில் விளக்கேற்றுகிறார்கள். நாம் குடைந்து குங்குமமும் சில்லறையும் போட்டு, ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைக்கிறோம். டெல்லித் தமிழர்களும் விடாமல் உடைக்கிறார்கள். மறுநாள் காலை அந்த வழியாக ஸ்கூட்டரில் போகிற பஞ்சாபிக்காரருக்குத்தான் திருஷ்டி கழிகிறதா, கால் கழிகிறதா என்று தெரியாது.

டெல்லி மெட்ரோ 2023இல் ஒரு சலுகை அறிவித்தது. சீல் உடைக்காத மது பாட்டில் ஆளுக்கு இரண்டு கொண்டுபோகலாம். செல்லப் பிராணிக்கு இன்றும் அனுமதி இல்லை. பாட்டில் யாரையும் கடிப்பதில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இனி நாய். எங்கள் வீட்டு வீரா சாதாரண நாய் இல்லை. மச்சான் கொடுத்த அசல் ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. பாளையக்காரர் காலத்தில் வெள்ளைக்காரக் குதிரைப்படை மேல் பாய்ந்த இனம் என்று சொல்வார்கள். 2005இல் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. 2020இல் பிரதமரே வானொலியில் பெயர் சொன்னார். ரயிலில் நாய் பயணிகளோடு வர வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே முழுவதையும் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் சொந்தக் காசில் ஒருநாளும் ஏறாத பெட்டியில், சென்னையிலிருந்து டெல்லி வரை, அது படுத்துக்கொண்டே வந்தது. இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பெட்டியின் பெருமிதம் தெரிந்தது. வந்த வாரமே காலனியில் அதன் பெயர் வீரூ ஆகிவிட்டது. ஷோலே பார்த்த ஊர், சேவாக் பிறந்த ஊர். வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

வீராவுக்குக் காது கேட்காது. ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவியிலேயே செவிடாகப் பிறப்பது உண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை. எங்களுக்குத் தெரிய வந்தது குக்கரால்தான். விசில் வந்தால் நாங்கள் இருவரும் எழுந்திருப்போம். அது புரண்டுகூடப் படுக்காது. காலனியில் இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு அங்கிள் “வீரூ, இதர் ஆ!” என்று கூப்பிட்டுப் பார்த்தார். “பைட் ஜா!” என்றார். அது ஏழிலைப்பாலை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பெருமூச்சு விட்டுத் தம் மனைவியிடம் விளக்கினார்: “மத்ராஸி குத்தா ஹை. ஹிந்தி நஹீ சமஜ்தா.” இந்தித் திணிப்பை இவ்வளவு அமைதியாக எதிர்த்தவரை இந்தத் தலைநகரம் கண்டிருக்காது.

தீபாவளி வந்தது. டெல்லி நாய்களுக்கு அது ஊழிக்காலம். எதிர்வீட்டு லாப்ரடார் மூன்று நாளும் குளியலறையில் வாளிக்குப் பின்னால். மேல்வீட்டு பக், கட்டிலடியில். கோடை முழுக்க ஏசிக்கு முன்னால் கிடந்து, அக்டோபர் காற்றில்தான் தெருவில் தலை காட்டத் தொடங்கியிருந்த மூன்றாம் மாடி சைபீரியன் ஹஸ்கி, மறுபடி உள்ளே போய்விட்டது. 2025இல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி தந்து நேரமும் வகுத்துக் கொடுத்தது: காலை ஆறிலிருந்து ஏழு, ராத்திரி எட்டிலிருந்து பத்து. அந்த ராத்திரி நேரம் வடக்கத்தியருக்கு. விடிகாலை நேரம் யாருக்கு? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, இட்லிக்கு முன் ஒரு சரம் கொளுத்துகிற நமக்குத்தான்! ஆறு மணிக்கு நான் கொளுத்தினேன். எதிர்வீட்டு அங்கிள் போர்வையோடு பால்கனிக்கு வந்து பார்த்தார். உச்ச நீதிமன்ற உத்தரவு என்றேன். உள்ளே போய்விட்டார்.

பத்து மணி என்று நீதிமன்றம் சொன்னதைக் காலனி பன்னிரண்டு என்று புரிந்துகொண்டது. அத்தனை வெடிக்கும் நடுவே வீரா வாசற்படியில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டது. தெருவே நின்று பார்த்தது. “ஆர்மி டாக் ஹை க்யா?” என்று ஒருவர் கேட்டார். வெலிங்டன் நினைவில் நான் மறுக்கவில்லை. அடுத்த வாரம் சங்கத்தின் செயலாளரே வந்து, ராத்திரிக் காவலுக்கு வீரூவைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். பூங்காவுக்குள் நாயை விடாதவர்கள் காலனியையே நாய் கையில் கொடுக்கத் தயாராகிவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக் காலையில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் காவல்காரர் நேபாளி. தலைக்குக் குளித்து, நெற்றியில் செந்தூரத்தோடு, கையில் செவ்வந்தி மாலையோடு வந்து நின்றார். மாலை எனக்கோ என்று ஒரு கணம் குனிந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய் வீராவின் கழுத்தில் போட்டுப் பொட்டு வைத்து, தட்டில் சேல் ரொட்டி வைத்து வணங்கினார். நேபாளத்தில் அது குக்குர் திஹார்: நாய்களுக்கான நாள். நாம் நரகாசுரனை நினைத்துத் தலைமுழுகுகிற அதே சதுர்த்தசியில் அவர்கள் நாய்க்கு மாலை போடுகிறார்கள். தெருநாய்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அவர் பொட்டு வைத்தார். அவற்றுக்கு அந்த மரியாதை தேவைப்பட்டது. ஆகஸ்ட் 11ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லியிருந்தது. 22ஆம் தேதி இன்னொரு அமர்வு அதைத் திருத்தி, வெறிபிடித்தவை, சீறிக் கடிப்பவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு எடுத்த இடத்திலேயே விடச் சொன்னது. இரண்டு உத்தரவும் அவை படிக்காமலே வந்து போயின.

நாய்க்கும் மைதானத்துக்கும் டெல்லியில் ஒரு பழைய வழக்கும் உண்டு. 2022 மே மாதம், தியாகராஜ் ஸ்டேடியத்தில் வீரர்களை மாலையிலேயே வெளியேற்றிவிட்டு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓட்டப்பாதையில் தம் நாயோடு உலாவுகிறார் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அன்றே அவரை லடாக்குக்கும், அதிகாரியான அவர் மனைவியை அருணாசலப் பிரதேசத்துக்கும் மாற்றினார்கள். நாடே கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாய் எந்தப் பக்கம் போயிற்று? நாய்க்கு மாற்றல் உத்தரவு இல்லாததால் அரசாங்கம் பதில் சொல்லவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு மருமகன் சொன்னான்: “சரி மாமா, மூணும் இருக்கு. ஆனா மூணும் ஒரே இடத்துல இல்லையே?”

இருக்கிறது. பழைய கோட்டை என்னும் புராணா கிலாவின் மதிலை ஒட்டி ஒரு பைரவர் கோயில். காசியிலிருந்து பீமன் கொண்டுவந்தான் என்பது ஐதீகம். 1940இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கோப்பை வாங்கிய ஸ்டேடியம் பக்கத்தில்தான். அங்கே பைரவர் இரண்டு சந்நிதியில் இருக்கிறார். தூதியா பைரவருக்குப் பால் படைப்பார்கள். கில்காரி பைரவருக்குச் சாராயம். வாகனம் இருவருக்கும் நாய். கார்த்திகைத் தேய்பிறை அஷ்டமி பைரவருக்கு விசேஷம் என்று என் மனைவி சொல்லவும், வடைமாலையோடு கிளம்பினோம்.

அவள் பால் பாக்கெட்டோடு தூதியா பைரவர் பக்கம் போனாள். நான் பருவத்தின் கடைசி பாட்டிலோடு மற்ற வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பையன். கால்பந்து ஜெர்சி, முழங்காலில் மண், கையில் ஹரியானா முத்திரையோடு ஒரு பீர் கேன். நிச்சயமாக இருபத்தைந்து இல்லை. யாரும் ஆதார் கேட்கவில்லை. பூசாரி கேனைத் திறந்து சந்நிதியில் கொஞ்சம் ஊற்றி, மீதியைப் பிரசாதமாக அவன் கையில் கொடுத்தார். எனக்கும் அப்படியே. வடைமாலை முழுவதும் அதற்குள் கோயில் நாய்களின் வயிற்றுக்குப் போயிருந்தது.

முக்கால் பாட்டிலோடு திரும்பி வந்த என்னை மனைவி மேலும் கீழும் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். “பிரசாதம். வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?”

“சொல்லுவேன்தான். கையை நீட்டுங்க,” என்று பாட்டிலை வாங்கி என் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு மூடினாள். “உள்ளங்கையில நிக்கிற வரைக்கும்தாங்க பிரசாதம். அதுக்கு மேலே போனா அது பீரு.”